மேல்தளம் மூடப்பட்டிருக்கிறது

மார்ச் 4

சரக்குப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி முடிந்தது. காலையிலிருந்து குளிர்ப்பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்துக் கொடுத்து விரல் மரத்துப்போச்சு. பெரும்பாலானவற்றில் உறைந்த மீன், கல் மாதிரி. மீதியில் திராட்சை. திராட்சைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மூச்சு விடும், சூட்டைக் கக்கும். மீனை விட அதுதான் கவலை.

மச்சான் கூடவே இருந்தான். நான் கப்பல் எலக்ட்ரீசியன், அவன் ஃபிட்டர். ஆட்கள் முன்னால் ‘சார்’, என் கேபின் கதவு சாத்தியதும் ‘மாமா’. சீஃப் இன்ஜினியரிடம் நான் சொல்லித்தான் இந்தக் கப்பலில் அவனுக்கு இடம் கிடைத்தது. கிளம்பும்போது என் மனைவி சொன்னது: “என் தம்பி உங்க கண்ணு முன்னாடி இருக்கான்னா எனக்குத் தூக்கம் வரும்.”

எனக்குத்தான் வராது. ஏணி இருக்கும்போது கம்பியைப் பிடித்து ஏறுகிற ஆள் அவன்.

மார்ச் 9

ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். உள்ளே விரிசல். மாற்று பாகம் அடுத்த துறைமுகத்தில்தான்.

மார்ச் 12

இன்னொரு ஜெனரேட்டரும் போய்விட்டது. காலைச் சாப்பாட்டின்போது விளக்குகள் மங்கின. சீஃப் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே.

இருக்கிற மின்சாரம் கப்பல் ஓடவும் பாதிப் பெட்டிகளுக்கும்தான் போதும். “எதை அணைக்கலாம்?” என்று கேட்டார். திராட்சையைத் தொடக்கூடாது, மீன் பெட்டிகளை முறை வைத்து அணைக்கலாம் என்றேன். ஒரு பாதி இன்று குளிரட்டும், மறு பாதி நாளை. கதவு மூடியிருக்கும் வரை உறைந்த சரக்கு தாக்குப்பிடிக்கும். எவ்வளவு நேரம்? அதை மட்டும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெட்டிக்குப் பெட்டி மாறும்.

சுவிட்சுகள் எல்லாம் மேல்தளத்தில். மச்சானும் நானும் ஒன்றை அணைத்து ஒன்றைப் போட்டு, இடுப்பு விட்டுப்போச்சு. “ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு மாமா நமக்கு,” என்றான். “இவளைக் கவனிச்சா அவ மூஞ்சியத் தூக்குறா.” ரொம்ப நேரம் கழித்துச் சிரித்தேன்.

மார்ச் 14

கடல் சரியில்லை. கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்: மேல்தளம் மூடப்பட்டிருக்கிறது, யாரும் வெளியே போகக்கூடாது.

முன்பக்க மீன் பெட்டிகள் அணைந்தே கிடக்கின்றன. இன்று அவற்றைப் போட வேண்டிய முறை.

கம்பெனியிலிருந்து செய்திக்கு மேல் செய்தி. ‘சரக்கைக் காப்பாற்ற முடிந்ததையெல்லாம் செய்யவும்.’ முடிந்தது என்றால் எது? உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுகிறவனுக்கு அலை தெரியுமா?

மார்ச் 15

மச்சான் உயிரோடு இருக்கிறான். மற்றது நாளைக்கு.

மார்ச் 16

எழுதிவிடுகிறேன். நாளாக ஆக மனசு தனக்குத் தோதாகக் கதையை மாற்றிவிடும்.

நேற்று மதியம் சீஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. நல்ல மனுஷர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

“காத்து கொஞ்சம் அடங்கியிருக்கு. போய்ப் பின்பக்கத்தை அணைச்சு முன்பக்கத்தைப் போட்டுட்டு வந்துடு. கேப்டன் காதுக்குப் போகாது.”

“கேப்டன் வேண்டாம்னு சொல்லியிருக்காரே சார்.”

“அவர் சொல்லுவார். சரக்கு போனா கேக்கப்போறது உன்னையும் என்னையும்தான்.”

முடியாது என்றேன். அவரிடம் முதல் தடவையாக. அவர் கோபப்படவில்லை. சரி, போ என்றார். அவ்வளவுதான் என்று நினைத்து நான் என் வேலைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ட்ரோல் பலகையில் பின்பக்கம் இறங்கி முன்பக்கத்துக்கான மின்சாரம் ஏறத் தொடங்கியது. ஒன்று. இன்னொன்று. யாரோ வெளியே நின்று சுவிட்ச் போடுகிறார்கள். சீஃபைப் பார்த்தேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரை சார் அனுப்பினீங்க?”

மச்சான்தான் என்று தெரிந்துவிட்டது. பதில் தேவையில்லை.

ஓடினேன். எதிரே வந்த மேல்தள மேஸ்திரி போசனிடம் கேப்டனுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, கயிறு கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். பெட்டி அடுக்குகளுக்கு நடுவே அந்தக் குறுகிய வழி — அதில் முழங்கால் வரை தண்ணீர். தூரத்தில் அவன் மஞ்சள் சட்டை தெரிந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முட்டாப்பய. இன்னும் ரெண்டுதான் மாமா, என்று வாயசைத்தான்.

அலை வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான். தண்ணீர் வடிந்தபோது சட்டை நின்ற இடத்தில் இல்லை. இரும்புப் படிக்கும் பெட்டியைக் கட்டிய கம்பிக்கும் நடுவே சொருகியிருந்தான். கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. இழுத்தேன். கத்தினான். கத்தட்டும் என்று இழுத்தேன். கதவுக்குள் போசனும் மற்றவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா.” இதைத்தான் முதலில் சொன்னான்.

மார்ச் 17

கேப்டன் கப்பலைத் திருப்பிவிட்டார். அருகில் எந்தத் துறைமுகமோ அங்கே. சரக்கைப் பற்றிக் கம்பெனி கேட்டதற்கு, “மீனுக்குக் கால் உடையாது” என்று எழுதச் சொன்னாராம். கப்பல் முழுக்க இதே பேச்சு.

எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். மச்சான் படுத்தபடியே சொல்லியிருக்கிறான், நானாகத்தான் போனேன் என்று. சீஃபும் அதையேதான். அடுத்த கப்பலில் உன்னை எலக்ட்ரீசியனாகப் போட ஏற்பாடு செய்கிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அவனே பெருமையாக என்னிடம் சொன்னான்.

“கேப்டன் பேச்சை மீறிப் போனவன்னு எழுதிட்டா உனக்கு எந்தக் கப்பல்டா கிடைக்கும்? இந்தக் காலுக்கு வைத்தியம் பாக்கக்கூட ஆள் இருக்காது.”

“சீஃப் பாத்துப்பார்.”

“அவர் அனுப்பினாரா இல்லையா, அதைச் சொல்லு.”

“அவர் கேட்டார். நான் போனேன். நீங்க முடியாதுன்னீங்க, நான் முடியும்னேன்.” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

நாளைக்கு என் முறை. சீஃப் சோறு போட்டவர். இவன் அவள் தம்பி. இதில் எது உண்மைக்குப் பக்கம் என்று பார்க்கிறேனா, எது எனக்குப் பக்கம் என்று பார்க்கிறேனா? தெரியல.

மார்ச் 18

சொல்லிவிட்டேன். சீஃப் முதலில் என்னைத்தான் கேட்டார் என்பதையும், நான் மறுத்ததையும். கேப்டன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது சீஃப் நடையில் நின்றிருந்தார். வழிவிட்டு ஒதுங்கினார். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் அருகில் இருந்த துறைமுகத்தில் படகில் மச்சானை இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நடந்தேன். “நான் சொல்ல வேண்டியதை நீங்க ஏன் மாமா சொன்னீங்க?” என்றான். படகு விலகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 19

அவளிடம் பேசினேன். அழவில்லை, கத்தவில்லை. “நீங்க எங்க இருந்தீங்க அப்போ?” என்றாள். உள்ளே, என்றேன். லைன் கட்டாகிவிட்டது. அவள் வைத்தாளா, தானாகப் போனதா என்று திரும்பக் கூப்பிட்டுக் கேட்கப் பயம்.

மார்ச் 27

சரக்கு இறக்கும் துறைமுகம். முன்பக்க மீன் பெட்டிகளைச் சோதிக்க ஒருவர் வந்தார். மீனுக்குள் துளைபோட்டு வெப்பமானி செருகிப் பார்த்தார். பெட்டிக்குப் பெட்டி.

அவன் போட்ட பெட்டிகள் நன்றாக இருந்தன. அவன் கை எட்டாத அந்தக் கடைசி இரண்டும், கடல் அடங்கும் வரை அணைந்தே கிடந்தவை, அவையும் கல் மாதிரிதான் இருந்தன. கதவு மூடியிருந்தது, உள்ளிருந்த குளிரே காப்பாற்றிவிட்டது. கெட்டது திராட்சைதான். சுற்றிவந்த பாதை நீண்டுவிட்டதால்.

சோதித்தவர் எனக்குக் கை கொடுத்தார். எதற்கு?

மீன் மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் தாங்கும் என்று. அன்று அது எனக்கே நிச்சயமில்லை. அதுதான் நிஜம்.

மே 20

வீடு. மச்சான் இரண்டு ஊன்றுகட்டைகளோடு வாசலுக்கு வந்தான். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். வைத்தியம் முழுவதும் கம்பெனி பொறுப்பு என்று கடிதம் வந்துவிட்டது. சீஃபைக் கப்பல் வேலையிலிருந்து எடுத்துக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாப்பிடும்போது அவள் தம்பிக்கு முதலில் பரிமாறினாள், பிறகு எனக்கு. குழம்பு ஊற்றும்போது, “போதுமா?” என்றாள். வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஜூன் 8

பழைய கப்பல்காரர்கள் கதையெல்லாம் மச்சான் பேச ஆரம்பித்துவிட்டான். அந்த அலையைத் தவிர.

நவம்பர் 2

வேறு கப்பல். குளிர்ப்பெட்டிகள் நிறைய. மதியத்திலிருந்து காற்று ஏறுகிறது, கேப்டன் மேல்தளத்தை மூடிவிட்டார். பின்பக்கத்தில் ஒரு பெட்டி ஓடாமல் நின்றுபோயிருக்கிறது, எச்சரிக்கை விளக்கு மினுக்குகிறது.

நாற்காலி ஒன்றை இழுத்துவந்து மேல்தளக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதுவதும் இங்கிருந்துதான். இந்தக் கப்பல் ஃபிட்டர் அந்தப் பக்கமாக வந்தான்.

“என்ன சார், இங்க உக்காந்துட்டீங்க?”

“காத்து வாங்க.”

“மூடின கதவுக்கு முன்னாடியா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.