உன் நிரை உனக்குத்தான்

என் பாக்கியமே,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரும் கை பிடிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது. நான் கைநாட்டு வைக்கும்போதெல்லாம் சிரிப்பாயே, இனி எதைச் சொல்லிச் சிரிப்பாய்?

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் உன்னோடு தேயிலைக் கொழுந்தெடுத்த பெண்களுக்காக நம் மகள் செல்வி இணையத்தில் ஒரு பக்கம் செய்கிறாள். மலையில் நீங்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து நின்ற வரிசைப்படியே படங்கள். முனியம்மாவுக்கும் காளியம்மாவுக்கும் நடுவில் நீ. அவர்களெல்லாம் இருக்கிறார்கள், நீ மட்டும்தான் சாமியாகிவிட்டாய். அதனால் உன் படம் கொஞ்சம் உயர இருக்கட்டும் என்றேன்.

அதற்கு சி.எஸ்.எஸ். என்று ஒரு எழுத்து வேலை இருக்கிறது. எது எங்கே நிற்க வேண்டும் என்று எழுதினால் அது அங்கே போய் நிற்கும். செல்வி 'அப்சலூட்' என்று எழுதி உன்னை மேலே ஏற்றினாள். உடனே காளியம்மா நகர்ந்து வந்து உன் இடத்தில் நின்றுகொண்டாள்!

"ஏய், அம்மா நெரையில அவ எப்புடி நிப்பா?" என்று கத்திவிட்டேன்.

"அது வெறும் படம்ப்பா."

"படமா இருந்தா என்னா? ஒங்கம்மா இருந்திருந்தா கூடையாலயே அடிச்சிருப்பா."

கங்காணி உனக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலைச் செடி நிரையில் இன்னொருத்தி கை வைத்தால், "என் நெரையில ஒனக்கு என்னாடி வேல?" என்று மலையே அதிரக் கேட்பாய். நீ தண்ணீர் குடிக்கப் போனாலும் அது உனக்காகக் காத்திருக்கும். நினைவிருக்கிறதா?

செல்வி சிரித்துக்கொண்டே 'ரிலேட்டிவ்' என்று மாற்றினாள். "இப்ப அம்மா நகந்தாலும் அவங்க எடம் அவங்களுக்குத்தான். நீங்களே ஒசத்துங்கப்பா."

மேலிருந்து எவ்வளவு தள்ளி என்று எண் போட வேண்டும். போட்டேன். நீ கீழே இறங்கிவிட்டாய்! உயர்த்த வேண்டுமானால் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு வேண்டுமாம். ஒற்றை விரலால் தேடி அதையும் போட்டேன். நீ மேலே ஏறினாய். உன் இடம் வெறுமையாக இருந்தது. யாரும் அதில் வரவில்லை.

காளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "செத்தும் அவ நெரைய வுட மாட்டா போல" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கே உனக்கு நிரை பிரித்துக் கொடுப்பது யார், பாக்கியம்? சண்டை போடாமல் இருக்கிறாயா?

நாளைக்கு உன் படத்தடியில் உன் பெயரை என் கையாலேயே எழுதுவேன். அந்த இடத்துக்கு யார் வந்தாலும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் நிரைக்குக் காவல் நிற்கும்
உன் வீட்டுக்காரன் மாடசாமி