எரிமலையை நேரில் பார்த்தவர்

காலையிலிருந்து பக்கத்து வீட்டு வினிகர் நாற்றம் தாங்க முடியவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு அந்த வீட்டுப் பெண் எரிமலை செய்கிறாளாம். அவள் அம்மா வந்து, "சார் இருந்தா அவர்ட்டயே கேட்டிருப்போம். நீங்களாச்சும் வந்து பாருங்களேன்" என்றாள். போனேன். களிமண் கூம்பு, மேலே ஓட்டை, சிவப்புச் சாயம். நீங்கள் இருந்திருந்தால், "எரிமலைன்னா கூம்பு மட்டுந்தானா?" என்று தொடங்கி அந்தப் பிள்ளையை அழவைத்திருப்பீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான். வேலை பத்திரப்பதிவு அலுவலகத்தில்; வாய் முழுக்க எரிமலை. மதுரையைச் சுற்றிக் கிடப்பதெல்லாம் அசையாத பழைய பாறை. நாகமலையில்கூடப் பொட்டு நெருப்பு கிடையாது. அந்த ஏக்கமோ என்னவோ, நான் தோசை வார்க்க நின்றால் வந்துவிடுவீர்கள்.

"மாவு நீர்க்க இருந்தா பரவுதுல்ல? பூமிக்குள்ளருந்து வர்ற குழம்பும் அப்படித்தான். நீர்க்க இருந்தா ரொம்ப தூரம் ஓடி, கேடயத்தைக் கவுத்து வச்ச மாதிரி தாழ்வா மலை வரும். கெட்டியா இருந்தா வாயை அடைச்சு, உள்ள வாயு சேந்து வெடிக்கும். சாம்பல் ஒரு அடுக்கு, குழம்பு ஒரு அடுக்குன்னு உசந்துக்கிட்டே போகும்."

தோசை கருகும். "மொதல்ல தட்டை எடுங்க" என்பேன்.

ஓய்வு பெற்றதும் காசிக்குப் போகலாம் என்றேன். நீங்கள் அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தீர்கள். ஆளில்லாத தீவு, அதில் இன்னும் அடங்காத எரிமலை. இறங்க முடியாது, படகிலிருந்து பார்க்கலாம். "கடலுக்கடியில பூமியோட பாறைத் தட்டு ஒண்ணு இன்னொண்ணுக்குக் கீழ போகுது. கூடவே தண்ணியும் போகுது. தண்ணி சேந்தா ஆழத்துப் பாறை சுலபமா உருகிரும். உருகுனது லேசு, மேல ஏறி வந்துரும்." துறைமுகம் வரை என் காதுக்கு ஓய்வில்லை.

"வாந்தி மாத்திரை போடுங்க" என்று எத்தனை தடவை சொன்னேன்! "கடல் என்னைய என்ன செய்யும்?" என்றீர்கள். படகு கிளம்பியதும் என் மடியில் விழுந்தவர்தான். தீவு வந்தது, எல்லோரும் கூச்சலிட்டார்கள். "எந்திரிங்க, வந்துருச்சு" என்று உலுக்கினேன். எழுந்தீர்கள், மறுபடி வாந்தி, மறுபடி மடி.

"நீ பாத்துச் சொல்லு."

சொன்னேன். கரை முழுக்கக் கரியாய்க் கறுப்பு. சுற்றிலும் இடிந்த மதில் போல மலை, நடுவில் ஒரு குன்று, உச்சியில் வெள்ளைப் புகை.

"வெளிய இருக்கது பழைய எரிமலை சரிஞ்ச மிச்சம். நடுவுல இருக்கது கங்கும் சாம்பலும் விழுந்து குமிஞ்சது" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே. "புகை எம்புட்டு ஒசரம்?"

"இம்புட்டு" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். யாருக்குக் காட்டினேனோ!

ஊர் திரும்பியதும் ஆரம்பித்தீர்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்." உள்ளே நான் பாத்திரங்களை நங்கென்று வைப்பேன். அவர்கள் போனதும் மெதுவாக வந்து நிற்பீர்கள். "அந்தப் புகை நேராப் போச்சா, சாஞ்சு போச்சா?"

உங்களை எடுத்துச் சென்ற அன்று, கொட்டாம்பட்டியிலிருந்து வந்த உங்கள் தம்பி தேம்பிக்கொண்டே, "எங்கண்ணே எரிமலையவே நேர்ல பாத்த ஆளு, இல்லையா மதினி?" என்றார். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அந்த நேரத்திலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஆமா, பாத்தாரு" என்றேன்.

இன்றுவரை அந்தப் பேச்சை மாற்றவில்லை. புகையைப் பார்த்தவள் நான்தான் என்பது நம் இருவருக்கும் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு மட்டும் தெரியும்.