காருக்குள் எட்டுத் தறி

3 நவம்பர் 2025, திங்கள்

மேக்னாவும் பாப்பாவும் சூலூரிலிருந்து வந்து இன்றோடு மூன்று நாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள். பிரசவம் முடிந்தும் அங்கேயே ஐந்து மாதம். மெஸ் சாம்பாரைக் குடித்துக்கொண்டு இந்த நாளுக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டியாயிற்று. சுவரில் யானை ஸ்டிக்கர்கூட ஒட்டியாயிற்று. சரவணம்பட்டியிலேயே இவ்வளவு அமைதியான ஃப்ளாட் கிடைக்காது என்று வீட்டுக்காரர் சொன்னதைப் பாப்பாவிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்பதாக இல்லை. பகல் முழுக்க அழுகை. நான் தூக்கினால் இன்னும் ஒரு கட்டை மேலே.

சனி ஞாயிறு மட்டும் வந்து எட்டிப் பார்த்த ஆளை அப்பன் என்று எப்படி நம்புவாள்? நியாயந்தான். ஆனாலும் வலிக்கிறது.

5 நவம்பர், புதன்

மேக்னா சொல்லிவிட்டாள். "ஏனுங்க, அடுத்த ஞாயித்துக்கெழம பதினாறாந்தேதி வரைக்கும் பாக்கறேன். அதுக்கும் பாப்பா தூங்கலீன்னா அப்பாவ வரச்சொல்லி சூலூருக்கே போயிர்றேன். தை வரைக்கும் அங்கயே இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயம். கண்ணுக்குக் கீழே கருவளையம், தலை சீவி இரண்டு நாள்.

போனில் அத்தை வேறு: "கொழந்தைக்கு அந்த ஊடு ஒத்துக்கலீங்க மாப்ளே."

இது என்ன பேய் வீடா? நன்றாகக் கேட்டேன். போனை வைத்த பிறகுதான்.

6 நவம்பர், வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!!

மதியம் மாமா ராமுலு கூப்பிட்டார். "இன்னைக்கு இங்க ஷட்டவுனுங்க மாப்ளே. எட்டுத் தறியும் நின்னுபோச்சு, ஊடே வெறிச்சுனு கெடக்குது. போன மாசம் இப்படித்தேன் கரண்ட்டு போனப்ப பாப்பா என்ன கத்து கத்துனாங்கறீங்க!"

சூலூரில் மேக்னாவின் அறையை ஒட்டின சுவர்தான் மாமாவின் விசைத்தறிக்கூடத்துச் சுவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில்தான் பாப்பா தூங்கியிருக்கிறாள். நாம் அமைதி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருப்பது அவளுக்குக் கரண்ட் போன வீடு!

மேக்னாவிடம் சொன்னேன். "அட ஆமாங்க," என்றாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

7 நவம்பர், வெள்ளி

கரண்ட் வந்ததும் மாமா தறிச் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்பினார். வாயில் துணி வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. இந்தப் போன்களெல்லாம் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு இரைச்சலைத் தானாகவே வடிகட்டிவிடுமாம். என் மகளின் தாலாட்டை இரைச்சல் என்று முடிவு பண்ண இது யார்?

அப்படியே வந்தாலும் என் புளூடூத் ஸ்பீக்கர் கொய்யாப்பழ அளவு. அங்கே தறி ஓடினால் தொட்டில் கொக்கியே அதிரும். எங்கள் வீட்டில் அப்படி அதிர்கிற ஒரே சாமான் கார்தான். நாலு கதவிலும் ஸ்பீக்கர், போதாததற்குக் காளப்பட்டி ரோட்டுக் குழிகள்.

பரணில் ஏறி, காலேஜ் காலத்து எம்பி3 பிளேயரை எடுத்தேன். ரெக்கார்டர் உள்ளது. எதையும் வடிகட்டத் தெரியாத பழைய ஜடம். சார்ஜ் ஏறுகிறது! முத்தம் கொடுத்தேன். மேக்னா பார்த்துவிட்டாள்.

8 நவம்பர், சனி

சூலூர் போய், தறிகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, பிளேயரைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தலையெல்லாம் பஞ்சு. "தறிச் சத்தத்துக்கு இத்தன மருவாதி குடுத்த ஆளு நீங்க ஒருத்தருதானுங்க மாப்ளே," என்று மாமா வெளியே கூட்டிவந்து சொன்னார். உள்ளேயும் சொல்லியிருப்பார், காதில் விழவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

செகண்ட் ஹேண்ட் கார். ஸ்டீரியோவில் புளூடூத் கிடையாது. யூஎஸ்பி ஓட்டையில் பிளேயரைச் செருகினால் 'நோ ஃபைல்' என்கிறது. ஆக்ஸ் ஓட்டை ஒன்று இருப்பதையே இன்றுதான், சில்லறை போடும் குழிக்குப் பின்னால் பார்த்தேன். ஒயர் வாங்கி வந்து மாட்டினேன். இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் கரகர. வலது பக்கம் மௌன விரதம். வேறு ஒயர். அதே கதை. மூன்றாவது ஒயர். அதே.

மேக்னா பால்கனியிலிருந்து கைச்சாடையில் கேட்டாள், ஆச்சா? நானும் கைச்சாடையில், ஆயிட்டே இருக்குது.

11 நவம்பர், செவ்வாய்

உக்கடத்தில் அமீர் ஹம்சா பாயின் கார் ஸ்டீரியோ கடைக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் அறுபது வயசு. மூன்று ஒயரையும் எடுத்துக் காட்டி, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் எனக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம் என்பதையும் எதற்கோ சொல்லித் தொலைத்தேன். அவர் கட்டைவிரலால் ஒயரை ஒரு அமுக்கு அமுக்கினார். 'டொக்.' இரண்டு பக்கமும் சத்தம்.

"முழுசா உள்ள போகலீங்க சார். டெஸ்ட்டு பண்ணலீங்களா?"

இன்னொன்றும் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தத்தோடு 'ஙொய்ய்ய்' என்று ஒரு இழுவை. பிளேயரைக் கார் சார்ஜரில் போட்டிருப்பதால்தானாம். சார்ஜரைப் பிடுங்கினார், நின்றுவிட்டது. "ஊட்டுலயே சார்ஜ் போட்டுட்டு வந்துருங்க. தீந்துதுங்க பிரச்சன."

எட்டுத் தறியும் காருக்குள் ஓட, பாட்டுப் பாடிக்கொண்டே வீடு வந்தேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் என் பானெட்டையே கவலையாகப் பார்த்தார்.

12 நவம்பர், புதன்

பாப்பாவைக் காரில் ஏற்றினோம். தறி ஓடியது. பாப்பா இன்னும் பலமாக அழுதாள். ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

14 நவம்பர், வெள்ளி

மேக்னா பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டாள். "கடைசியா ஒருதடவ பாயைப் பாத்துட்டு வந்துரலாம் கண்ணு," என்று கெஞ்சி, இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு உக்கடம் போனேன். வழியெல்லாம் அழுகை. பாப்பாதான். நானும் கொஞ்சம்.

ஹம்சா பாய் சத்தத்தைப் போட்டுக் கேட்டார். அழுகிற குழந்தையைப் பார்த்தார். மேக்னாவிடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, கொழந்தய தறிக்குப் பக்கத்துலயா படுக்க வெச்சிருந்தீங்க?"

"இல்லீங்க பாய். செவுத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்புறம் இவரு எதுக்குங்க தறிக்கு நடுவுல உக்காந்து புடிச்சிட்டு வந்தாரு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாப்பாகூடப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

பாய் ட்ரெபிளைச் சுத்தமாகக் குறைத்தார். சடசட என்ற கூர்மையெல்லாம் போயிற்று. பேஸைக் கூட்டினார். சத்தத்தைப் பின் ஸ்பீக்கருக்கு மட்டும் தள்ளினார். இப்போது தும்... தும்... தும்... என்று எங்கோ அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சீட் லேசாக அதிர்ந்தது.

"செவுரு கட்டியாச்சுங்க," என்றார்.

பாப்பா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். காரின் கூரையைப் பார்த்தாள். கொட்டாவி விட்டாள், இத்தனூண்டு வாயை எவ்வளவு பெரிதாக! சுங்கம் ரவுண்டானா தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். வண்டியை நிறுத்தப் பயந்து ஊரையே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பின்சீட்டில் மேக்னா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணீர் வேறு ஓடுகிறது. எனக்கு ஹாரனை அடித்து ஊரைக் கூட்ட வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை.

15 நவம்பர், சனி

புது மேம்பாலத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு நடை. இரண்டு மணி நேரத் தூக்கம். நானும் மேக்னாவும் காருக்குள்ளேயே தேங்காய் பன் தின்றோம், குசுகுசுவென்று பேசிக்கொண்டு. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பேசியதில்லை.

16 நவம்பர், ஞாயிறு

சொன்னபடி மாமாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். கட்டில் மேல் பை அப்படியே இருந்தது. இருக்கிறாயா போகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்றுவிட்டால்?

"ஒரு சுத்து வந்துட்டுப் பேசலாமுங்க மாமா," என்று எல்லோரையும் காரில் ஏற்றினேன். தும் தும் தொடங்கியதும் பாப்பா அத்தை மடியில் கண்ணை மூடினாள். அத்தை என்னை ஒரு தடவை, பாப்பாவை ஒரு தடவை பார்த்தார். மாமா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

"மாப்ளே, நிறுத்துங்க! மூணாம் நெம்பர் தறி ஒரு அடி தப்புது. கேக்குதுங்களா? தும் தும்... த்தும். பெல்ட்டு தேஞ்சுபோச்சு! பக்கத்துல நின்னா அந்தச் சடசடப்புல காதுலயே உழுகல பாருங்க."

"இது எட்டாந்தேதி புடிச்சதுங்க மாமா."

"எட்டு நாளா இப்படியேவா ஓடுது! திருப்புங்க வண்டிய, நான் ஊருக்குப் போகோணும்."

வீட்டு வாசலில் இறங்கின வேகத்தில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அத்தைதான் நிறுத்தினார். "ஏனுங்க, எதுக்கு வந்தோம்? பொண்ணு?"

மாமா அப்போதுதான் மேக்னாவைப் பார்த்தார். "பைய எடுத்துட்டு வா கண்ணு, சட்டுனு."

"நான் வரலீங்கப்பா," என்றாள் மேக்னா. "எங்கூட்டுலயே இருந்துக்கறேன்."

எங்கூடு! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

29 நவம்பர், சனி

அவிநாசி கோயிலுக்குப் போனோம். மேக்னா ஓட்டினாள். ஏழெட்டு மாதம் வண்டியைத் தொடாத கை, ஆசையாகக் கேட்டாள். நான் பின்சீட்டில், பாப்பா என் நெஞ்சின் மேல். நீலாம்பூர் வரை சட்டைப் பொத்தானைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தவள், அப்புறம் அப்படியே தூங்கிப்போனாள்.

கருமத்தம்பட்டி தாண்டும்போதுதான் கவனித்தேன். காருக்குள் தறி ஓடவில்லை. பிளேயர் எங்கே என்று கண்ணாடியில் மேக்னாவைப் பார்த்து ஜாடை காட்டினேன்.

"ஊட்டுலயே சார்ஜுல கெடக்குதுங்க," என்றாள் மெல்ல.

பாப்பாவின் எச்சில் என் சட்டையை நனைத்திருந்தது. நான் அசையவில்லை. கோயில் கோபுரம் தெரிந்ததும் மேக்னா வேகத்தைக் குறைத்து, நிறுத்தட்டுங்களா என்று கேட்டாள்.

வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரம் போ என்றேன்.