மஞ்சள் பட்டைக்காரன் யார் ஆள்?

2005 வைகாசி, செவ்வாய்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. கோர்ட்டில் இரண்டு வாய்தா.

ஸ்டெல்லா என்று ஒரு பெண் வந்தாள். புருஷன் குவைத்தில் சமையல் வேலை என்று போனவர். ஈராக்கில் வெளிநாட்டுப் படை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரோட்டில் அவர் போன வேன் நெருங்கி வந்ததென்று, படை லாரிகளுக்குக் காவலாகப் போன வண்டிக்காரன் சுட்டதில் செத்துப்போனார். சுட்டவன் சிப்பாய் இல்லை, தனியார் கம்பெனி ஆள். 'எங்கள் ஆள் இல்லை' என்று அந்தப் படையின் நாட்டுத் தூதரகம் பதில். கம்பெனி பதிலே போடவில்லை.

"துப்பாக்கி வச்சிக்கினு அவங்க கேம்ப்லதான் இருந்தான். அப்போ யாரோட ஆளும்மா அவன்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வக்கீல் சொல்லும் பதிலா இது.

புதன்
காலேஜில் படித்த சர்வதேசச் சட்டப் புத்தகம், கரப்பான் முட்டையோடு. அரசின் உத்தரவிலோ கட்டுப்பாட்டிலோ தனியார் செய்தால் அரசின் செயல். அரசு தன் அதிகாரத்தைக் கொடுத்திருந்தால், வரம்பு மீறினாலும் அரசின் செயலே. சரி. லாரிக்குக் காவல் போவது அரசு அதிகாரமா, வெறும் கூலி வேலையா? தலைவலி. காபிப் பொடி தீர்ந்தது.

வியாழன்
கருட சேவை. நெரிசல். அப்பாதான் எங்கள் தெரு உற்சவக் குழுச் செயலாளர். கூட்டத்தைத் தடுக்கக் கயிறு பிடிக்க இந்த வருஷம் காண்டிராக்டர் ஆட்கள், கையில் குழுவின் மஞ்சள் பட்டையோடு. அதில் ஒருவன் பிடித்துத் தள்ளி, ஐயம்பேட்டைப் பெரியவர் ஒருவருக்குக் கை முறிந்தது. பெருமாளைச் சரியாகச் சேவிக்கவே இல்லை.

வெள்ளி
பெரியவர் வீட்டிலிருந்து நியாயம் கேட்டுக் கடிதத்தோடு வந்தார்கள்.

அப்பா: "அவா காண்டிராக்டர் ஆள்னு பதில் எழுதிடு. கயிறு பிடிக்கத்தானே சொன்னோம், தள்ளச் சொன்னோமா?"

'எங்கள் ஆள் இல்லை.' எழுதினேன். மேலே ஓடவில்லை. துப்பாக்கி எங்கே, தாம்புக் கயிறு எங்கே. இரண்டும் ஒன்றா? கோபம் அப்பா மேலா, என் மேலா, அதுவும் புரியவில்லை.

சனி
ஸ்டெல்லாவின் மனு முடிந்தது. சுட்டவனுக்கு பாஸ் கொடுத்தது படை, ரோட்டை மறிக்க விட்டது படை, ஆகவே அந்தப் படையின் அரசே பொறுப்பு. நிற்குமா, தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "பதில் வரும்ங்களாம்மா?" என்றாள்.

அவள் போனதும் அப்பா நகலைப் படித்தார். "நன்னா எழுதியிருக்கே. பாஸும் குடுத்து ரோட்ல நிறுத்திட்டு, எங்க ஆள் இல்லைன்னா என்ன அநியாயம்! அந்தப் பொண்ணு எங்கே போவா?" அப்புறம், "ஆமா, நம்ம பதில் எங்கே?"

"மஞ்சள் பட்டை யார்ப்பா குடுத்தது?"

நகலை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஞாயிறு
மேகமூட்டம். அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஐயம்பேட்டைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று.