ரெண்டும் ஏழும் வைத்து ஜெயித்த நாள்

திருவண்ணாமலை
17.8.2006

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், டொராண்டோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இன்னும் நான்கு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது, அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் நீ போனில், கம்ப்யூட்டர்ல போக்கர் சீட்டு ஆடுறேம்பா, இப்ப நல்லா வருது, வேலைய விட்டுட்டு இதையே பண்ணலாமான்னு பாக்குறேன்னு சொன்னாய். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவன் நான், எந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்ததில்லை. உன்னைத் திட்டுவதற்கு முன்னால் அது என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கஸ்தூரியிடம் போனேன், என்னோடு வேலை பார்த்த சடையனின் மகள். அங்கே ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் அத்துப்படி. நெஜப் பணம் வேணாம் பெரிப்பா, சும்மா காசுலயே கத்துக்கங்கன்னு திறந்து கொடுத்தாள்.

கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதல் நாள் ரம்மி மாதிரி நினைத்து வந்த சீட்டுக்கெல்லாம் நின்றேன், அரை மணியில் எல்லாம் காலி. கஸ்தூரி சிரித்துவிட்டு, பத்து ஆட்டத்துல எட்டுல சீட்டைக் கவுத்துப் போட்டு வெலகிடணும் பெரிப்பா, ஆசைக்கு நிக்கக் கூடாதுன்னாள். மறுநாள் அப்படியே ஆஸ், ராஜா, ஜோடி என்று வந்தால் மட்டும் நின்றேன். நம் முறை கடைசியாக வந்தால் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதும் புரிந்தது. செய்த தப்பையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன், ஒரு வாரத்தில் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. உன் மூளை என் பக்கத்து மூளைதான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கே கிளம்பி, அரை மணி ஆடிவிட்டுப் போகலாம் என்று கஸ்தூரி கடைக்குள் நுழைந்தேன். கையில் வந்தது ரெண்டும் ஏழும், உருப்படாத சீட்டு. கவிழ்க்காமல், பெரிய கை இருப்பவன் போல என் காசு முழுவதையும் நடுவில் தள்ளினேன். எதிரே இருந்தவன் பயந்து கவிழ்த்துவிட்டான். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது கண்ணு. அதற்குப் பிறகு நான் மணியே பார்க்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை. காத்திருந்து பார்த்து, தானே ஆட்டோ பிடிக்கலாம் என்று ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தவள், படியில் இடறி விழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஏங்க, இவ்ளோ நேரமான்னு மட்டும்தான் கேட்டாள். வண்டி பஞ்சர்னு சொன்னேன். இந்த வெயில்ல தள்ளிக்கிட்டா வந்தீங்கன்னு இடது கையால் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அந்தப் பொய்யைச் சொன்னபோது என் முகம் மாறவில்லை, குரல் பிசிறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. சல்லிக்காசு போகவில்லை, எனக்கு அந்தப் பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் நல்லாயிருக்கேம்பான்னு சொல்வது எந்தக் குரலில் என்று எனக்குத் தெரியவில்லையே, அதுதான் பயம். நீ என்னைவிட நன்றாக ஆடுவாய், என்னைவிட நன்றாக மறைக்கவும் செய்வாய்.

ஆடாதே என்று சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. வேலையை மட்டும் விட்டுவிடாதே. தோற்றால் தோற்றேன் என்று சொல், நான் கத்த மாட்டேன். குளிர் வருவதற்குள் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் நீ போகும் வழியெல்லாம் கூட வரட்டும். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன், என்ன சொல்வாளோ தெரியாது. இனி போனை அவள்தான் எடுப்பாள். அவளிடம் நல்லாயிருக்கேன் என்று சொல்லாதே கண்ணு, எப்படி இருக்கிறாயோ அதைச் சொல்.

உன் அப்பா
சக்கரவர்த்தி