கிடா யார் என்று சொன்னவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வானொலியில் உன் குரல் கணீரென்று கேட்டது.

பாடியதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? 'கிழட்டுக் கிடாவே, கிழட்டுக் கிடாவே, குட்டி குடிக்கிற பாலும் உனக்கா?' இதைப் பாடிக்கொண்டுதான் இத்தனை வருடமாக முதலாளியின் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிறோம். அவரும் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுத் தாளம் தட்டுவார். விருந்தாளி வந்தால், 'அந்தக் கிடா பாட்டை எடுத்து விடுங்கப்பா' என்று அவரே கேட்பார். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அறிவுக்கொழுந்தே, பேட்டி எடுத்தவர் கேட்டதும் 'கிடான்னா எங்க முதலாளிதான்' என்று விளக்கம் சொன்னாயே! அவர் காரில் வானொலி இல்லையென்று நினைத்தாயா?

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். 'நான் கிடாவாடா?' என்று உன் அத்தான் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளினார். பாட்டுக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பவர் அத்தான்தானே. மற்றவர்களும் வாயைத் திறக்கக் கூடாதாம். பாட்டில்லாமல் கை சீராக ஓடவில்லை, ஆடுகளும் மிரண்டு துள்ளுகின்றன. நேற்று ஒன்றின் தொடையைக் கிழித்துவிட்டேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

வானொலியில் நீ பாடிய இன்னொன்றையும் கேட்டேன். 'குட்டி போட்ட ஆட்டுக்கு நிழலிருக்கு, பிள்ளை பெத்தவளுக்கு எங்கிருக்கு?' அது நான் கட்டிய அடி. பெரியவளைப் பெற்ற பச்சை உடம்போடு என்னை முதலாளி வெயிலில் நிற்க வைத்தாரே, அன்றைக்குக் கட்டியது. பேட்டி எடுத்தவர் அதை 'அழகான கற்பனை' என்றார். நீயும் கூடச் சிரித்தாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது முதலாளியின் கணக்குப்பிள்ளை தூது வந்துபோனார். நீ மறுபடியும் வானொலியில் பேசி, அது வெறும் ஆட்டுப் பாட்டு, தெரியாமல் உளறிவிட்டேன் என்று சொன்னால் அத்தானைத் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். உன்னிடமும் ஆள் வரும். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அரை வயிறுதான். சொல்லித் தொலை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முடியவில்லை, தம்பி. நான் வெயிலில் நின்றது ஆட்டுக் கதையா? நீ வாயைத் திறந்தது தப்பு. நேரில் பார்த்தால் ஓர் அறை உண்டு. ஆனால் திறந்த வாயை இனி மூடினாயோ, இந்த வாசலை மிதிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக இரு. யார் வந்து கேட்டாலும் கிடா யாரென்று சொல். பேரோடு சொல்.

உன்மேல் கோபம் தீராத
அக்கா