மூடி கழற்றாத கேமரா

ஆம்பூர்
14-6-1978

அன்பு மகன் ஜெபசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் நலம், குவைத் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி கல்யாணப் படம் ஒன்றுகூட இன்னும் வரவில்லையே, அப்பா ஏன் இரண்டு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன், படித்துவிட்டுக் கோபப்படாதே கண்ணு.

லீவில் வந்த இஷ்தியாக் அகமதுவிடம் நீ கொடுத்தனுப்பிய சின்னக் கேமரா வந்து சேர்ந்ததிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரியும், வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக விழும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் பழக நான்தான் கிடைத்தேன். அரிசி புடைத்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, "புஷ்பம், உனக்கு ரெண்டு மூக்கு தெரியுது, ஒண்ணாக்கறேன், ஆடாம இரு" என்பார். கேமராவின் மூடி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது, கம்பெனியில் மிச்சமான கறுப்புத் தோலில் தானே ஒரு மூடி தைத்தார். ஷூ தைக்கிற கை அல்லவா, கேமராவோடு பிறந்த மாதிரி அச்சாக உட்கார்ந்தது.

கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் எதற்கு, என் மகன் கேமரா இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, கல்யாணத்தன்று பொன்மலரைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துப் போகிற வேலையையும் உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். பெற்ற அப்பா இருக்கும்போது இதென்ன என்று எனக்கு முகமே தொங்கிவிட்டது. "நான் கையப் புடிச்சிக்கினா யார் படம் எடுக்கறது, சீலன் பாக்க வாணாமா" என்றார். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து எடுத்தார், யார் மேலாவது முட்டிக்கொள்வாரோ என்று எனக்குப் பயம். ஜெயகரன் தாலி கட்டியது, ஜோலார்பேட்டைச் சம்பந்தி வீட்டார் வரிசையாக நின்றது, பிரியாணிப் பந்தி, எல்லாம் எடுத்தார்.

பிலிமைக் கழுவின ஸ்டுடியோ நசீர் அகமது அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாராம், வெறும் கண்ணாடித் தாளாக இருந்ததாம். "இன்னா சார், மூடி போட்டுக்கினே எடுத்துட்டீங்களா" என்றாராம். இந்தக் கேமராவில் பார்க்கிற ஓட்டை தனி, படம் விழுகிற லென்ஸ் தனியாமே, மூடி இருந்தாலும் உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரியுமாம். இரண்டு மூக்கை ஒன்றாக்கத் தெரிந்த மனிதர் மூடியைக் கழற்றவில்லை. எதிரே பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற எங்களுக்கும் தெரியவில்லை, அந்தத் தோல் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேமராவைப் பீரோவில் துணிக்கடியில் வைத்துவிட்டார். பொன்மலர் வந்து, போனால் போகட்டும் அப்பா என்று சிரித்தாள், அவளிடமும் பேசவில்லை. "ஆசையா அனுப்பினான், அவனுக்கு இன்னான்னு எழுதறது" என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றபடி இங்கே விசேஷமில்லை, தண்ணீர்தான் கம்மி. நீ டீ குடித்தே பசியை அடக்காதே, வாரம் ஒருநாளாவது தலைக்கு எண்ணெய் வை. ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதித்து உன்னைப் பத்திரமாக எங்கள் கண்ணில் காட்டட்டும்.

மறக்காமல் ஒன்று செய். அப்பா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. படம் போனதற்கு ஆறுதல் சொல்லாதே, அது அவரை இன்னும் வருத்தும். தங்கச்சி எப்படி நடந்து வந்தாள், நீங்கள் எழுதுங்கள் என்று கேள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தும் அவளைப் பக்கவாட்டில்தான் பார்த்தேன், மற்றவர்கள் முக்கால்வாசிப் பேர் முதுகைப் பார்த்தார்கள், கைபிடித்து வந்த சித்தப்பாவும் நேரே பார்த்துத்தான் நடந்தார். வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவள் முகத்தை விடாமல் பார்த்தவர் உன் அப்பா ஒருவர்தான்.

உன் அம்மா
ஜெயபுஷ்பம்